தழும்பைச் சுற்றி எழுதிய பெயர்

1989 மே 12: 1,400 குரோனா.
1997 அக்டோபர் 3: 9,500 குரோனா.
2004 ஏப்ரல் 21: 38,000 குரோனா.
2010 நவம்பர் 17: 1,26,000 குரோனா.

நான்கு ஏலத்திலும் கைமாறியது ஒரே பூச்சாடி. உயரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர்; புகை நிறம்; உள்ளே ஒரு நீலச் சுருள். நான்கு ஏலப் பட்டியலிலும் அதைப் படைத்தவர் ஹாரால்ட் சீடர்ஹோம் என்ற கலைஞர் என்று போட்டிருந்தது. நான்கையும் கத்தரித்து வைத்திருந்த ராக்கெல் பிரான்சனுக்கு அது பொய் என்று தெரியும். அந்தப் பொய்யைச் சாடியில் எழுதியவளே அவள்தான்.

அஸ்கமோலா கண்ணாடி ஆலையில் 1951 முதல் 1969 வரை அவள் பார்த்த வேலை, முடிந்த சாடிகளின் அடியில் வைர ஊசியால் கலைஞரின் பெயரைப் பொறிப்பது. கலைஞர் படம் வரைவார், உலைக்காரர்கள் ஊதுவார்கள், கையெழுத்தை ராக்கெல் போடுவாள். சீடர்ஹோம் ஒரு சாடியிலாவது ஊசி வைத்ததை அவள் பார்த்ததில்லை.

அவளுடைய அண்ணன் எவர்ட் நான்காம் உலைக்குழுவின் தலைவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், உலைப்பானையில் மிஞ்சிய கண்ணாடியை எடுத்து யாரும் தமக்குப் பிடித்ததை ஊதிக்கொள்ளலாம் என்பது ஆலையின் வழக்கம். மற்றவர்கள் பன்றிக்குட்டியும் பறவையும் செய்தார்கள். எவர்ட் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அந்த நீலச் சுருளைச் செய்தான். 1957 கோடையில் அது மேலாளர் கண்ணில் பட்டது. அதுவரை செய்திருந்த முப்பத்தொரு சாடிகளையும் விற்பனைக்கு எடுத்துக்கொண்டார். ஸ்டாக்ஹோம் கடைக்காரர்கள் பெயருள்ள கண்ணாடியைத்தான் கேட்கிறார்கள், சீடர்ஹோம் பெயரையே எழுது என்றார். ராக்கெலுக்கு அப்போது இருபத்தேழு வயது. எழுதினாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது எவர்ட் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "மேலாளர் சொன்னாரு, சரி. எழுதின கை உன்னோடதா இருந்திருக்க வேண்டாம்." 1971இல் சாகும்வரை அந்தப் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

கடைசி ஏலத்துக்குப் பிறகு, அந்தச் சாடி எவர்ட் செய்தது என்று ராக்கெல் ஏல நிறுவனத்துக்கு ஐந்து கடிதங்கள் எழுதினாள். ஐந்தாவதில் தன்னிடமும் அப்படி ஒரு சாடி இருப்பதாகச் சொல்லியிருந்தாள்; அதற்குப் பலனாக 2011 செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை, நிறுவனத்தின் கண்ணாடி நிபுணர் மாக்னுஸ் ஏக்மான் காரில் வந்து இறங்கினார். கடிதத்துக்காக வரவில்லை, ராக்கெலிடம் இருந்த சாடிக்காக வந்தார். முப்பத்தொன்றில் ஒன்று, உள்ளே ஒரு குமிழ் இருக்கிறதென்று கடையிலிருந்து திரும்பி வந்தது. அதை அன்றே ஆறு குரோனா கொடுத்து அவள் வாங்கி வைத்திருந்தாள்.

சமையலறையில் பழைய உலைக் கூலியாள் ரூனேவும் உட்கார்ந்திருந்தார். அவர் தினமும் இரண்டரைக்குக் காப்பிக்கு வருபவர்.

ஏக்மான் சாடியைக் கவிழ்த்துப் பார்த்து உருகினார். "பாருங்க, பேரு வட்டமா இருக்கு! இந்த மாதிரி இதுவரைக்கும் பதினாலுதான் கிடைச்சிருக்கு. அடியைத் தேய்க்காம, நெருப்போட தழும்பை அப்படியே விட்டிருக்கார். அவரோட ஆத்மாவே இதுலதான் இருக்கு. என் புத்தகத்துல இதுக்குத் தனி அத்தியாயம்."

ரூனே காப்பிக் கோப்பைக்குள்ளேயே சிரித்தார். "ஆத்மாவா? தேய்க்கிறவன் சாப்பிடப் போயிட்டான்யா!"

"நான் சொல்றேன், கேளுங்க," என்றாள் ராக்கெல். "கலைஞர் சாடி எல்லாம் தேய்ப்புக் கூடத்துக்குப் போகும். அடி வழவழன்னு வரும். நடுவுல நேரா எழுதிடுவேன். எவர்ட் சாடிக்கு எவன் தேய்க்க நேரம் குடுத்தான்? இரும்புக் கம்பியிலேர்ந்து தட்டி உடைச்ச தழும்பு நடுவுல முள்ளு மாதிரி நிக்குது. அது மேல ஊசி ஓடுமா? அதான் சுத்தி எழுதினேன். வட்டத்துக்கு அர்த்தம் அவ்வளவுதான்."

ஏக்மான் கனிவாகச் சிரித்தார். "கூடப் பிறந்த பாசம், புரியுதுங்க. ஆனா இது சீடர்ஹோம் கையெழுத்து. இருபது வருஷமா பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா?"

ராக்கெல் எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்தாள். அவர் தின்றுகொண்டிருந்த பாலாடைக் கேக்கை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு, அந்தக் கண்ணாடித் தட்டைத் துடைத்துக் கவிழ்த்து, வைர ஊசியால் சீடர்ஹோம் பெயரை வட்டமாக எழுதி நீட்டினாள். ஏக்மான் பூதக்கண்ணாடியை எடுத்தார். தட்டையும் சாடியையும் மாறி மாறிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"சரி, எழுதினது நீங்கதான்," என்றார் கடைசியில். "ஆனா வரைஞ்சது அவர் இல்லைன்னு எப்படிச் சொல்றது? ஆலைக் காகிதம் ஏதாவது இருக்கா?"

"ஆலை மூடினப்போ எல்லாத்தையும் உலையில போட்டாங்க. அள்ளிப் போட்டவன் இதோ உக்காந்திருக்கான்."

"அன்னைக்குச் சரியான குளிரு," என்றார் ரூனே.

ஏக்மான் குரலைத் தாழ்த்தினார். "சீடர்ஹோம்னா இது ஒன்றரை லட்சம் போகும். உங்க அண்ணன் பேருக்கு ஐந்நூறு தேறாது. கூரை ஓடு போன நிலைமையில இருக்கு, வரும்போதே பார்த்தேன். எதுக்குங்க வீம்பு?"

"வீம்புதான்," என்றாள் ராக்கெல்.

சாடியை வாங்கி மடியில் கவிழ்த்தாள். ஊசியைப் பதித்துச் சாடியைச் சுற்றினாள். சீடர்ஹோமின் பெயருக்கு நடுவே ஒரு கோடு வட்டமாக ஓடி, தொடங்கிய இடத்தில் வந்து முட்டியது.

"ஐயோ, நிறுத்துங்க!" ஏக்மான் எழுந்த வேகத்தில் காப்பி கொட்டியது.

அவள் நிறுத்தவில்லை. அதற்கு வெளியே இன்னொரு வட்டமாக எவர்ட் பிரான்சன் என்று எழுதி, தூளை ஊதிவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"அழிச்சிட்டீங்களே! ஒரு அபூர்வத்தை அழிச்சிட்டீங்களே!"

"நான் எழுதினது, நான் அடிச்சேன். பொய் எழுத மணிக்கு ரெண்டே முக்கால் குரோனா குடுத்தாங்க. இதுக்கு ஒருத்தரும் தர வேண்டாம். இன்னும் முப்பது வெளியில கிடக்கு. கொண்டு வாங்க, அதையும் திருத்தித் தரேன். உங்க அத்தியாயத்துல இதைச் சேர்த்துக்குங்க."

ஏக்மான் மூன்று இருபதுக்குப் புறப்பட்டுப் போனார்.

"கூரை ஒழுகுதுன்னு என் வீட்டுக் கதவைத் தட்டாதே," என்றார் ரூனே.

"வாளி இருக்கு."

ஆனால் ஊர்ப் பத்திரிகைக்குப் போன் போட்டவர் ரூனேதான். செப்டம்பர் 15 இதழில் சாடியின் அடிப்பகுதி படமாக வந்தது. பெரிய பத்திரிகை ஒன்றும் அந்தப் படத்தை எடுத்துப் போட்டது.

ஜனவரியில் ஏக்மானின் புத்தகம் வந்தது. அத்தியாயம் அப்படியே இருந்தது. நன்றியுரையில், நினைவுகளுக்கும் நல்ல காப்பிக்குமாக ராக்கெல் பிரான்சனுக்கு ஒரு வரி. அவள் நூலகப் பிரதியை இரவல் வாங்கி, 88ஆம் பக்க ஓரத்தில் மையால் எழுதினாள்: "தவறு. இந்தத் தழும்பு சாப்பாட்டு நேரத்தில் வந்தது. செய்தவர் எவர்ட் பிரான்சன். கையெழுத்து என்னுடையது." அடியில் தன் சொந்தப் பெயரைப் போட்டாள். நூலகர் அதைப் பார்த்தார், முத்திரை குத்தி அலமாரியில் வைத்தார்.

பிறகு யோத்தபோரி நகரத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் புகை நிறச் சாடி, உள்ளே நீலச் சுருள், அடியில் வட்டமாக அவளுடைய பழைய பொய். நான்கு முறை ஏலம் போன சாடி. அதை வைத்திருந்தவர் சூல்வெய் ரீடெல் என்ற பல் மருத்துவர். கூட ஒரு கடிதம் இருந்தது.

"பத்திரிகையில் படம் பார்த்தேன். ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்தைச் சாடிக்காகத்தான் கொடுத்தேன், பெயருக்காக அல்ல என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மைதானா என்று முடிவு செய்ய எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. திருத்தி அனுப்புங்கள்."

ராக்கெல் இரண்டு தடவை படித்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். வேலை முடிந்ததும் கடிதத்தை நான்கு ஏலத் துண்டுகளுக்கும் கீழே வைத்து, அதன் மேல் மூலையில் வந்த நாளைக் குறித்தாள்: 2012 மார்ச் 9, வெள்ளிக்கிழமை.