ஒரு மணிக்கு மெஷின் நிற்கும்

இடது கை கோட்டுக்குள் முழங்கை வரை நுழைந்திருந்தது. உள்ளிருந்து அது லைனிங்கை நீவிக் கொடுக்க, வலது கை ஊசியைச் சரித்து, துணியில் இரண்டே இழைகளைக் கவ்வி நூலை இழுத்தது. அரிசி அளவு இடைவெளி விட்டு அடுத்த தையல். வெளியே நூல் தெரியக் கூடாது, உள்ளே சுருக்கம் விழக் கூடாது.

நேற்றே முடித்திருக்கலாம். கீழ் மடிப்பை மட்டும் வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தாள்.

கோட்டு வந்த அன்று அவள் கடையில் இல்லை. நாத்தனார்தான் அளவெடுத்து வாங்கி வைத்தாள். இடுப்பில் இரண்டரை அங்குலம் பிடிக்க வேண்டும். மறுநாள் பிரிக்க உட்கார்ந்தவள், வலது பையின் அடியில் வட்டமான துருக்கறையைக் கண்டாள். அந்த வட்டத்தைப் பதித்த தகர டப்பாவை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"முன்வழுக்கையா ஒரு ஆளா?"

"ஆமா அண்ணி. நெஞ்சைத் தடவிக்கிட்டே நின்னாரு. வியாழக்கிழமை ரெண்டு மணிக்குப் புது முதலாளியைப் பார்க்கணுமாம், வேலை நிலைக்குமா போகுமான்னு அன்னைக்குத்தான் தெரியுமாம். பன்னெண்டே முக்காலுக்கு வந்து வாங்கிக்கிறேன்னாரு. தெரிஞ்சவரா?"

"என் வயித்துல அடிச்சவன்."

எல்லோரும் சொல்வதுதானே என்று நாத்தனார் பொத்தானைத் தைக்கக் குனிந்தாள். முழுக் கதையையும் கேட்டபோதுதான் அது எவ்வளவு நேரான பேச்சு என்று அவளுக்குப் புரிந்தது.

அறுபது மெஷின்கள் ஓடிய தையல் கூடம் அது. அவள் பதினோரு வருடம் அங்கே இருந்தாள், அவர் மேற்பார்வையாளர். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும். ஆனால் கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது கூடத்தின் வழக்கம். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வேகமாகத் தைப்பவர்கள் பக்கம் அவர் ஒரு நடை வருவார். புதுத் துணிக்கட்டு ஒன்றை அவிழ்த்து, முதல் துண்டைத் தானே ஊசிக்கு அடியில் செருகிவிட்டுப் போவார். அப்புறம் கை எங்கே காலியாவது? கூடத்திலேயே வேகமான கை அவளுடையது. மூன்று மணிக்குச் சாப்பிடுவாள், சில நாள் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும்.

பசி தெரியாமலிருக்க இருக்கைக்கே கடுங்கசப்பாக டீ வரும். இடுப்பு வலி, மணிக்கட்டு வலி என்று முனகினால் அவர் பையிலிருந்து டப்பா வெளியே வரும். "ஒண்ணு போட்டுக்கோம்மா, பறந்துடும்." வலி மாத்திரை. பெண்கள் அவருக்குக் 'கம்பவுண்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெறும் வயிற்றில் டீயோடு அதை விழுங்கியவள், நல்ல மனுஷன் என்று வீட்டில் வேறு புகழ்ந்தாள். பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் ஆறவில்லை.

மேல்வயிறு எரிய ஆரம்பித்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் தொண்டை வரை நிறைந்தது போலிருக்கும். குளிர்ந்த பாலைக் குடித்தால் அடங்கும், ஒரு மணி நேரத்தில் வட்டியோடு திரும்பி வரும். ஒரு காலை மலம் தார் போலக் கறுத்துப் போனது. அது என்னவென்று தெரியாமல் வேலைக்குப் போனாள், மெஷின் மேலேயே சாய்ந்தாள். அவளைத் தூக்கிப் படுக்க வைத்தவர்கள் நிமிர்வதற்குள் அவளுடைய ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். "சத்தில்லாத உடம்பு," என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது.

மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

"கோட்டுக்கு லைனிங் இருக்குல்ல? இரைப்பைக்கும் உள்பக்கம் ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டரம்மா. "சாப்பாட்டைக் கரைக்கிற அமிலம் இரைப்பையையே கரைச்சிடாம அதுதான் காப்பாத்துது. வலி மாத்திரை அந்தக் காப்பை மெலிசாக்கிடும். உங்களுக்கு அது வீங்கி, அங்கங்க அரிச்சு, ரத்தம் கசிஞ்சிருக்கு. இதுக்குக் காரணமான ஒரு கிருமியும் உண்டு, அதுக்கும் பரிசோதனை பண்ணிட்டேன், உங்ககிட்ட இல்ல. கண்ட வலி மாத்திரையையும் நிறுத்துங்க. நான் எழுதுறதைக் காலையில சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி போடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிடுங்க. எது ஒத்துக்கலையோ அதை விடுங்க, ஊர் சொல்றதையெல்லாம் விடவேண்டாம்."

"கோபம் வந்தா எரியுது டாக்டரம்மா."

"கோபம் எரிச்சலைக் கூட்டும்தான். அந்த ஆளை மறந்துடுங்க."

"மறக்கிறதுக்கு மாத்திரை இருந்தா அதையும் எழுதுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

துணியை அளப்பது போலவே அவள் நாளையும் அளந்தாள். ஏழரைக்கு, பத்துக்கு, ஒன்றுக்கு, நான்கரைக்கு, ஏழுக்கு. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடைசிச் சாப்பாடு. எதைத் தின்றால் எரிகிறது என்று பழைய நோட்டில் குறித்து, எலுமிச்சையை விட்டாள், மிளகாயைக் குறைத்தாள். ஏழெட்டு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கடையைப் போட்டபோது அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு மணிக்கு மெஷின் நிற்கும்.

கோட்டைக் கண்டதும் முதலில் தோன்றியது வேறு. இடுப்பை இன்னும் ஒரு அங்குலம் இறுக்கிவிட்டால், உட்காரும்போதெல்லாம் அந்த வயிற்றைப் பிடித்து நசுக்கும், புளிப்பு தொண்டைக்கு ஏறும். சாக்குக் கட்டியால் கோடுகூடப் போட்டாள். பிறகு அழித்தாள். இரக்கத்தால் அல்ல. கோணல் தையல் அவளுடைய பேரோடு அல்லவா போகும்?

வியாழக்கிழமை அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"நீயாம்மா? நல்லாயிருக்கியா? ஆச்சுல்ல?"

"கீழ் மடிப்பு மட்டும் பாக்கி. உட்காருங்க சார்."

ஒரு மணி ஆனது. அவள் ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டுக் கை கழுவப் போனாள். நாத்தனார் விசையை அணைத்தாள்.

"அம்மா, ரெண்டு மணிக்கு நான் அங்க நிக்கணும். கையில இருக்கிறதை முடிச்சிட்டு எழுந்திரிக்கக் கூடாதா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்குப் புரையேறியது.

குழைந்த சோறும் வேகவைத்த பூசணியும். அவள் ஒவ்வொரு வாயையும் மென்று, அரைத்து, நிதானமாக விழுங்கினாள். அவர் கடிகாரத்தையும் அவள் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெஞ்சுக்குழியை அமுக்கிக்கொண்டு டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"எங்க சாப்பிட? டீதான். முதுகு வலியும் சேர்ந்துகிச்சு. கொஞ்சம் தண்ணி கொடும்மா."

வாயை மூடிக்கொண்டு தண்ணீரை மட்டும் கொடுத்திருக்கலாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டுமே என்று ஒரு கணம் கை சொம்புக்குப் போனது. ஆனால் எதனால் படுகிறோம் என்றே தெரியாமல் பட்டால் அது என்ன பழி?

"அதை டப்பாவுலயே திரும்பப் போடுங்க. வயித்துக்குள்ள இருக்கிற லைனிங்கைத் தின்னுது அது. என்னோடதைத் தின்னுச்சு. உங்க இடுப்புல ரெண்டரை அங்குலம் குறைஞ்சிருக்கு, உங்களோடதையும் தின்னுக்கிட்டிருக்கும்."

"சும்மா கேஸ் தொந்தரவும்மா."

"நானும் அப்படித்தான் சொன்னேன். மலம் கறுப்பாப் போச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்ல."

"போனாலோ, ரத்தமா வாந்தி எடுத்தாலோ அந்த நிமிஷமே மருத்துவமனைக்கு ஓடணும். நான் ஓடல, தூக்கிக்கிட்டுப் போனாங்க. நீங்க இன்னைக்கே நடந்து போலாம்."

குழாய் விட்டது, கறுத்த மலம், மூன்று மாதம் கூலியில்லாமல் படுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலை உயர்த்தவேயில்லை. மாத்திரை அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.

"என் மேல இரக்கப்பட்டா சொல்றே?"

"இரக்கமெல்லாம் இல்ல சார். நீங்க எனக்குக் கொடுத்தது என்னன்னு உங்களுக்குத் தெரியணும். இனிமே எரியிறப்பெல்லாம் என் ஞாபகம் வரணும்."

ஒன்றரைக்கு மறுபடி ஊசியை எடுத்தாள். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒன்றே முக்காலுக்கு அவர் எழுந்து நின்றார்.

"இருக்கிறபடியே கொடும்மா, போயிடுறேன்."

"தொங்குற லைனிங்கோடவா? அந்தப் புது ஆளு அதைத்தான் முதல்ல பார்ப்பாரு."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். மறுபடி உட்கார்ந்தார். இரண்டு மணியை முள் தாண்டியபோது அவர் தலை குனிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். கடைசி முடிச்சைப் போட்டு, நூலை நறுக்கி, ஈரத்துணி விரித்து இஸ்திரி ஓட்டினாள். பிறகு அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி அணிவித்து, இரண்டு விரலை இடுப்பில் விட்டுப் பார்த்தாள். இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை.

கழற்றி வாங்கி, தோளோடு தோள் சேர்த்து மடித்து, இரண்டே காலுக்கு அவர் கையில் கொடுத்தாள்.