அண்ணன் இலையில் கத்திரிக்காய்க் குழம்பு

போன வருஷம் ஆடியில், திருச்சி காட்டூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்றைக்கு என் அண்ணனின் முதல் திதி.

அண்ணன் இன்ஜினியர். படித்து முடித்த கையோடு அமெரிக்கா போனவன், வேலை, கல்யாணம், பெண் குழந்தை என்று அங்கேயே தங்கிவிட்டான். ஆனால் லீவு கிடைத்தால் போதும், குடும்பத்தோடு வந்து நிற்பான். வந்ததும் வராததுமாக, மோட்டார், மிக்ஸி என்று வீட்டில் மக்கர் பண்ணுவதையெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவன் இறந்தபோது எனக்கு விசா கிடைக்கவில்லை. போன் திரையில்தான் அவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். என்ன கொடுமை இது! திதிக்காக அண்ணியும் மகளும் வருகிறார்கள் என்றதும், படையலாவது ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று துடித்தேன். அவனுக்கு நான் செய்ய அது ஒன்றுதானே மிச்சம்?

காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காரியத்தை முடித்துவிட்டு வந்தோம். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். எனக்கா தெரியாது? எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு! ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். பிஞ்சாகத் தேடி வாங்கி, வாயில் கரையும்படி வைத்திருந்தேன்.

படத்துக்கு முன்னால் இலை போட்டு அதைப் பரிமாறியபோது அவன் மகள், "அத்தை, அப்பாவுக்குக் கத்திரிக்காய் ஆகாதே" என்றாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "யாருக்கு, உங்கப்பாவுக்கா? நல்லா சொன்னே போ! சட்டியை வழிச்சுச் சாப்பிட்ட ஆளாச்சே" என்றேன்.

அண்ணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அமெரிக்கா போன சில வருஷத்தில் அவனுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதாம். சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்குமாம். "இங்க வர்றப்போ டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கி வச்சுக்குவாரு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் உன் வீட்டுல சாப்பிட உட்காருவாரு. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரும்மா. ஆசையா செய்யறா, அவ மூஞ்சி வாடிடும்பாரு."

அடப்பாவி அண்ணா! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு, அவனுக்கு நிஜமாகவே என்னதான் பிடிக்கும் என்று மகளிடம் கேட்டேன். சனிக்கிழமை காலையில் அவனே சுடும் பான்கேக்காம். மாவை எடை போட்டுத்தான் கரைப்பானாம், எல்லாம் ஒரே அளவில் வர வேண்டுமாம். "ஒண்ணு கோணலா வந்துட்டா, அதை எங்களுக்குத் தரமாட்டாரு அத்தை, அவரே சாப்பிட்டுருவாரு" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. திதி நாளாச்சே என்று முட்டை போடாமல், வாழைப்பழத்தை மசித்துப் போட்டு என் தோசைக்கல்லிலேயே சுட்டாள். வடைக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

குழம்பை இலையிலிருந்து எடுக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. இனிமே அவருக்கு மாத்திரை வேணாம்."

இப்போதும் கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்தால் கண் நிறைந்துவிடுகிறது. அத்தனை வருஷமும் நான் அவனுக்குப் பாசமாகப் பரிமாறினேன் என்றல்லவா நினைத்திருந்தேன், அவன்தான் எனக்குப் பரிமாறிவிட்டுப் போயிருக்கிறான்.