டிராம்பே சேற்று மட்டி

செம்பூர் ஸ்டேஷன் வாசலில் அந்தப் பெண் முதல் தடவை என் ஆட்டோவில் ஏறியபோது கையில் தெர்மாகோல் பெட்டியும் தோளில் ரப்பர் பூட்ஸும் இருந்தன. டிராம்பே காடிக்குப் போக வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னாள். கடல் உள்ளே நுழைகிற கழிமுகத்தைத்தான் இங்கே எல்லாரும் காடி என்போம். வழியில் அவள் அம்மாவோடு போனில் பேசியதைக் கேட்டுத்தான் தமிழ்ப் பெண் என்று தெரிந்தது. வீடு மாட்டுங்காவில், பேச்சு பாலக்காட்டுத் தமிழ்.

"மீன் பிடிக்கவாம்மா போறிய?" என்றேன்.

"மீன், சேறு, தண்ணி, பறவை எல்லாந்தான் அண்ணா."

கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். தண்ணீரில் என்ன கலக்கிறது, அங்கே வாழும் உயிர்களின் உடம்பில் அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிற வேலை. சேற்றில் இறங்கத் தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று கேட்டாள். எனக்கு மைனி ஞாபகம் வந்துவிட்டது.

மைனி, இறந்துபோன என் அண்ணனின் மனைவி. டிராம்பேயிலேயே சீத்தா கேம்பில் இருக்கிறார். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, அலையாத்திச் செடிகளுக்கு நடுவில் முழங்கால் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குவார். ஓட்டோடு இருக்கிற சின்னச் சிப்பி அது. சாயங்காலம் மார்க்கெட் முனையில் கூறு கட்டி விற்பார். அவரும் மகளும் பேரனும் சாப்பிடுவது அதில்தான்.

அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தியதும் மைனி ஏற இறங்கப் பார்த்தார். "யாருய்யா கொழுந்தனாரே இது? பூட்ஸ மட்டும் எறக்கி விட்டாப் போதும் போலுக்க, பிள்ளைக்குச் சேறு இடுப்பளவு வரும்."

எனக்கு மைனியின் வாயைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. நான் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் மைனி என்றே கூப்பிட்டாள். மைனி மட்டி எடுத்துக் கொடுப்பார். அவள் பையில் போட்டு இடத்தை எழுதி ஒட்டி, ஐஸில் வைப்பாள். வேலை முடிந்தால் சாப்பிடாமல் கிளம்ப முடியாது. முட்டைகூட நுழையாத வீட்டுப் பெண், முதல் நாள் மட்டிக் குழம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலால் தொட்டு நக்கினாள். அதற்கப்புறம் போகும்போதெல்லாம் அவளே கிண்ணத்தை நீட்டினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கோ அண்ணா. நாளைக்கே மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுடுவா."

"மாட்டுங்கா வயித்துக்குள்ள டிராம்பே போயிட்டு. இனி எந்த மாப்பிள்ளை வந்து என்ன செய்ய?" என்று மைனி இன்னொரு கரண்டி ஊற்றுவார். ஊற்றும்போதே கேட்பார்: "எட்டி, கொண்டு போறியே, இதுல என்னதான் கெடக்கு? திங்கலாமா, கூடாதா?"

"ரிசல்ட் வரட்டும் மைனி. சொல்றேன்."

மழை விட்ட பிறகு ஒரு நாள் வந்தாள். வேலை முடிந்து தட்டின்முன் உட்கார்ந்தாள். மைனி குழம்பை எடுத்துவர, தட்டின்மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

"ரசம் போதும் மைனி."

மைனி கரண்டியோடு நின்றார். "என்ன, வீட்டுல தெரிஞ்சுபோச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா மைனி. தெரிஞ்சுடுத்து" என்றாள்.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னதுக்குத் தல முழுகச் சொன்னாகளாக்கும்? முழுகியாச்சா, இனித்தானா?"

அவள் குனிந்தபடி ரசம் சோற்றைச் சாப்பிட்டாள். எழுந்து தட்டைக் கழுவப் போனாள். ஒருநாளும் அவளைக் கழுவ விடாத மைனி அன்றைக்குப் பேசாமல் விட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் அழுதாள். மட்டியில் உலோகம் ஏறியிருக்கிறதாம். அடிக்கடி சாப்பிடுகிற குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் ஆகாதாம். இன்னொரு தடவை சோதித்து உறுதியாகும் வரை வெளியே பேசக் கூடாது என்று அவள் புரொபசர் சொல்லியிருக்கிறார்.

"வாயில வெக்க முடியலை அண்ணா. வேண்டாம்னா ஏன்னு கேக்கறா. அவாளே ஒரு காரணம் எடுத்துக் குடுத்தா, வாங்கிண்டுட்டேன்."

"நான் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம். உறுதியானதும் நானே வந்து சொல்றேன்."

சொன்னபடி வந்தாள். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். மைனி உள்ளே கூப்பிடவில்லை.

"அன்னைக்கு வீடுன்ன. இன்னைக்கு வெசங்கிற. நான் எதத்தாம்ட்டி நம்ப?"

"அன்னிக்குச் சொன்னதுதான் பொய் மைனி."

"ரோஸ் கொக்கு எங்கேருந்தோ பறந்து வந்து இதே சேத்துலதான மேயுது? அதுக்கு என்ன ஆயிட்டு?" பூநாரையைத்தான் மைனி ரோஸ் கொக்கு என்பார்.

"உதிர்ந்த இறகை எடுத்துப் பாத்தோம். அதுலயும் இருக்கு."

"அதுக்கும் வீட்டுல தெரிஞ்சுபோச்சாக்கும்!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "மைனி, அது அன்னைக்கே எங்கிட்ட அழுதுச்சு" என்றேன்.

"ஒங்ககிட்ட அழுதா எனக்கு எப்பிடிய்யா தெரியும்? திங்கலாமா கூடாதான்னு நாந்தான கேட்டேன்?"

அந்தப் பெண் திரும்பி நடந்தாள். படிப்பு முடிந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். எப்போதாவது போன் செய்வாள். முதலில் கேட்பது, "மைனி இன்னும் விக்கறாளா அண்ணா?" ஆமாம் என்பேன். போனை வைத்துவிடுவாள்.

போன வாரம் மார்க்கெட் முனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். மைனியின் முன்னால் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி வந்து குனிந்தாள், பழக்கமான வாடிக்கை. மைனி ஈரச்சாக்கை இழுத்துக் குவியலை மூடினார்.

"தீந்துபோச்சு தாயி. மீனு வாங்கி ஆக்கு. மீனுந்தான் நல்லாருக்கும்."

அவள் போனபிறகு மைனி நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் போனேன்.

"மைனி, அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"என்னத்தச் சொல்லுவிய? தெரிஞ்சும் வித்துக்கிட்டு இருக்கான்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேறொரு ஆள் வந்து, கூறு என்ன விலை என்று கேட்டார். மைனி சாக்கை விலக்கினார்.