பேபி ஆஃப் மஞ்சுளா

மஞ்சுளாவுக்கு வேலையே பெயர் கூப்பிடுவதுதான். அஸ்தம்பட்டியில் நாங்கள் வேலை பார்க்கும் குழந்தைகள் கிளினிக்கில் அவள் முன் கவுன்டர், நான் மருந்துக் கவுன்டர். காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை, "ரித்விக்‌ஷன் இருக்காங்களா? ஹன்ஷிதாஸ்ரீ இருக்காங்களா?" என்று கூவிக்கொண்டிருப்பாள். பெற்றவர்களே திக்கித் திணறிச் சொல்கிற பெயர்கள் அவள் வாயில் ஒரு எழுத்து பிசகாது. இன்னும் பெயர் வைக்காத பச்சைக் குழந்தை என்றால் அம்மா பெயரைச் சேர்த்து, "பேபி ஆஃப் மோனிஷா", "பேபி ஆஃப் அகல்யா".

மஞ்சுளாவின் பிறந்த பெயர் மஞ்சுளா இல்லை, குப்பாயி. எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண். அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்த இரண்டு தங்கவில்லை என்று, இவளைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்குள் நுழைந்தாலே, "குப்பை வண்டி வந்திருச்சு" என்று பெஞ்சைத் தட்டுவார்களாம். காலேஜ் முடித்த கையோடு கெஜட்டில் போட்டு மஞ்சுளா ஆகிவிட்டாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கிளினிக்கில் வேறு யாருக்கும் தெரியாது.

கல்யாணமாகி முதலில் பிறந்தது பெண். குறைமாதம், நுரையீரல் சரியாக வளரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்துவிட்டு, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. காலில் கட்டியிருந்த சீட்டில் "பேபி ஆஃப் மஞ்சுளா" என்றுதான் இருந்தது.

எங்கள் டாக்டரும் போய்ப் பார்த்த குழந்தை என்பதால் கிளினிக் கம்ப்யூட்டரிலும் அதற்குப் பதிவு உண்டு. போய்ச் சேர்ந்த விஷயத்தைக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. தடுப்பூசி நாள் வந்ததும் அது தன் பாட்டுக்குப் பெயரைத் திரையில் ஏற்றிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேலைக்குத் திரும்பியிருந்த மஞ்சுளாவின் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, விஷயம் தெரியாமல் கூப்பிட்டாள்: "பேபி ஆஃப் மஞ்சுளா இருக்காங்களா?" யாரும் வரவில்லை என்று மறுபடியும் கூப்பிட்டாள். மஞ்சுளா எழுந்து வந்து என் கவுன்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஏற்காடு ரோட்டில் வீசினால் என்ன என்று இருந்தது எனக்கு.

இரண்டாவதும் பெண். நிறைமாதம், நல்ல எடை, அழுதால் அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை கேட்கும். மஞ்சுளாவின் கணவன் இளஞ்செழியன் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறான். நாட்டு விதை, இயற்கை உரம் என்று பேச ஆரம்பித்தால் குழாய் வாங்க வந்தவர்கள் குழாயை மறந்துவிடுவார்கள். பெண்ணின் பெயரிலும் மண் வாசனை அடிக்க வேண்டும் என்று தினம் ஒன்று கண்டுபிடித்தான். கழனி, முகில், மருதம், தளிர். எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஓட்டுப் போடச் சொல்வான். "தம்பி, பிள்ளைக்குப் பேர் வைக்கிறீங்களா, செடி நர்சரிக்கா?" என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. தளிர் என்று முடிவு செய்தான்.

மஞ்சுளா எதற்கும் பிடி கொடுக்கவில்லை. பேறுகால லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் பிள்ளைக்குப் பெயர் இல்லை. ஊசிக்கு இளஞ்செழியன் பிள்ளையைத் தூக்கி வந்தால், கூப்பிடாமல் கையால் ஜாடை காட்டி உள்ளே அனுப்பிவிடுவாள்.

ஒரு சாயங்காலம் அவளை அழைத்துப் போக வந்தவன் நேராக என் கவுன்டருக்கு வந்தான்.

"ஏனுங்க்கா, நீங்களே கேளுங்க. குப்பாயின்னுதான் வெக்கணும்ங்கறா."

"நீங்கதானுங்க மண் வாசனை வேணும்னீங்க" என்றாள் மஞ்சுளா. "இதுக்கு மேல என்ன மண்ணு வேணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. "நீயே வேண்டாம்னு தூக்கிப் போட்ட பேரு. அதை எம் புள்ள தலையில கட்டறயா?"

"தூக்கித்தானுங்க போட்டேன். அப்பறம் என்னாச்சு?" அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பேருதான் என்னை உசுரோட வெச்சிருந்துச்சு. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். எம் மொதப் புள்ள போயிருச்சு."

இப்படியொரு கணக்கை அவள் மனசுக்குள் போட்டு வைத்திருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நுரையீரல் வளரலைன்னு டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா? கெஜட்டுக்கும் நுரையீரலுக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லீங்க்கா. எனக்கும் தெரியும். ஆனா இந்தப் புள்ள தூங்கறப்பவெல்லாம் மூக்குல வெரல் வெச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கறது நான்தானுங்களே."

பெயர் மட்டும் போதாது, தனக்குச் செய்த சடங்கையும் பிள்ளைக்குச் செய்ய வேண்டும் என்றாள்.

பெற்றவள் குப்பையில் போட வேண்டும், வேற்றாள் எடுக்க வேண்டும், அவரிடம் தவிடு கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்க வேண்டும். இப்படித் தவிட்டுக்கு வாங்கினதை எமன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்று நம்பிக்கை. அந்த வேற்றாள் நான்தான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு எருமப்பட்டி போனேன்.

நான் ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். குப்பை என்றால் எனக்குத் தெருமுனைத் தொட்டிதான். பையில் சானிடைசரும் டெட்டாலும் வைத்திருந்தேன். அங்கே போனால் மஞ்சுளாவின் அண்ணன் அர்த்தநாரி டிராக்டரில் குப்பை ஏற்றிக்கொண்டிருந்தான். சாணமும் சாம்பலும் தழையும் மக்கி, கறுப்பாக, உதிரி உதிரியாக இருந்தது. நாற்றமே இல்லை. மழை விழுந்த மண்ணின் வாசம்தான் வந்தது. அந்தப் பக்கம் எருவுக்குத்தான் குப்பை என்று பெயராம்.

"ரெண்டு வருசக் குப்பைங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் கேட்டான், ஒரு கூடை குடுக்கலையே" என்றான் அர்த்தநாரி.

இளஞ்செழியன் குனிந்து ஒரு கை அள்ளிப் பிசைந்து முகர்ந்து பார்த்தான். உரம் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன், இன்னொரு கையும் அள்ளிக்கொண்டான்.

மஞ்சுளா பழைய சேலையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். கையை எடுக்க அவளால் முடியவில்லை. நான்தான் தோளைத் தொட்டு விலக்கினேன். மேலே பறந்த காக்கையைப் பார்த்துப் பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது. தூக்கினேன், ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பையில் இருந்த சானிடைசரும் டெட்டாலும் என் ஞாபகத்துக்கே வரவில்லை. பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லப் போன மஞ்சுளாவுக்கு உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுச் சத்தம் அவளுக்கு இன்னும் கேட்டிருக்கும்.

"பேப்பர்ல தளிர்தான், கூப்பிடறது நீ சொன்ன பேரு" என்றான் இளஞ்செழியன். அவள் தலையாட்டினாள்.

அடுத்த ஊசிக்கு அவன் பிள்ளையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஹால் நிறையக் கூட்டம். திரையில் பழையபடி "பேபி ஆஃப் மஞ்சுளா" என்று வந்தது. ஜாடை காட்டி உள்ளே அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"குப்பாயி இருக்காங்களா?"

முன் வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சிரித்தாள். "இந்தக் காலத்துல யாருங்க இப்படிப் பேரு வெக்கறது?" என்றார் ஒருவர். இளஞ்செழியன் குனிந்த தலை நிமிரவில்லை.

மஞ்சுளா கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள். "குப்பாயி..." குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். "குப்பாயி இருக்காங்களா?"

கடைசி வரிசையில் இளஞ்செழியன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"இருக்கா" என்றான், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "இங்கதான் இருக்கா."