தமட்டேயில் இறங்கிய அழுகைப் பாட்டு

ஹெப்பகோடியில் எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது. மூன்றாவது கிராஸ், அவ்வளவுதான். பிள்ளையார் சதுர்த்திக்கு நடக்கும் நடனப் போட்டியில் வருஷா வருஷம் நான்காவது கிராஸ்தான் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகும். எனக்குப் பத்து வயதான வருஷம், இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பாட்டுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, ஊரில் நிச்சயமான கல்யாணம் நின்றுபோனபின் எங்களோடு வந்து தங்கி, பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கன்னடம் பிடிபடவில்லை. யாரோ ஒரு பாப் பாடகி பிரிவை நினைத்து உருகிப் பாடிய ஒரே பாட்டைத்தான் எந்நேரமும் கேட்டாள். சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். அம்மாவுக்கும் சித்திக்கும் தம்பியான என் மாமா அந்தப் பாட்டை லேப்டாப்பில் போட்டு, வேகத்தைக் கூட்டி, தமட்டே மேளம் சேர்த்துக் குத்துப்பாட்டாக்கிக் கொடுத்தார்.

"சின்னக்காவுக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சிடுவா. வாயத் திறக்காத" என்றார்.

நானும் தோழிகள் நால்வரும் மொட்டைமாடியில் ரகசியமாக ஆடிப் பழகினோம்.

மாமா செய்த தப்பு, பென்டிரைவில் பழைய பாட்டையும் விட்டுவைத்தது. மேடையில் நாங்கள் இடுப்பில் கைவைத்து நிற்க, மைக்செட்காரர் அதைத்தான் போட்டார். பாடகி உருகத் தொடங்கினாள். நான்காவது கிராஸ் சிரித்தது. முன்வரிசையில் இருந்த சித்தி எழுந்து வெளியே நடந்தாள். கோப்பையும் போயிற்று, குட்டும் உடைந்தது என்று நினைத்தேன்.

"அண்ணா, இது அல்ல, நெக்ஸ்ட் ஹாக்கி" என்று, அடுத்த பாட்டைப் போடச் சொல்லி மாமா கன்னடத்தில் கத்தினார்.

அடுத்தது வந்தது. அதே குரல், அதே வரிகள், இப்போது தமட்டேயோடு. சித்தி நின்றாள். திரும்பினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, முதுகில் அடி விழப்போகிறது என்று தயாரானேன். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறி எங்கள் நடுவில் ஆடினாள். என்ன ஆட்டம் அது. மைக்செட்காரரே விசிலடித்தார். நான்காவது கிராஸ் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள்.

கோப்பை எங்களுக்கு என்று கன்னடத்தில் அறிவித்தார்கள். சித்தியின் முகமெல்லாம் கண்ணீர். பாவம், மொழி தெரியாததால் நாங்கள் தோற்றுவிட்டதாக நினைத்துவிட்டாள் என்று கோப்பையை அவள் கையில் திணித்தேன்.

"அழாத சித்தி. நாமதான் ஜெயிச்சோம்."

"ஆமாண்டி, ஜெயிச்சிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே இன்னும் அழுதாள்.

அப்போதும் அவளுக்குப் புரியவில்லை என்றே நினைத்து, மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன்.