ஒன்பதாவது கட்டத்து மாலை

கத்தாரில் பதினெட்டு வருடம் கட்டட வரைபடம் போட்டுவிட்டு ஊர் திரும்பிய நான், நாற்பத்தெட்டு வயதில் நாகர்கோவிலில் ஒரு குறும்பட வகுப்பில் சேர்ந்தேன். மனைவி தடுக்கவில்லை. சனி, ஞாயிறு வீட்டில் ஓர் ஆள் குறைவது அவளுக்கும் நிம்மதிதான்.

எங்கள் குழுவில் மூன்று பேர். கதை எழுதியவள் கடியப்பட்டணத்துப் பெண். கேமரா மார்த்தாண்டத்துப் பையன். வரையத் தெரியும் என்று கை தூக்கிய முட்டாள் நான்.

கதை ஐந்து நிமிடத் திகில். தனியாக இருக்கும் ஒருத்தியின் வீட்டுக் கதவை தினமும் யாரோ தட்டுகிறார்கள். தட்டுவது அவளுடைய செத்துப்போன புருஷன். அது பார்ப்பவர்களுக்குப் புரிய, சுவரில் மாலை போட்ட படம் ஒரு நொடி வரவேண்டும்.

படப்பிடிப்பு அந்தப் பெண்ணின் வீட்டிலேயே. "அம்மைட்ட கதைய சொல்லாண்டாம், கேட்டியளா அங்கிள்" என்றாள். அவள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வருடங்கள் ஆகியும் அம்மா அவர் படத்துக்கு மாலை போடவிடவில்லை. "எங்கயோ கரையேறி இருக்காருன்னு அவ இருக்கா. நான் நம்பலன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."

அவள் அனுப்பிய வீட்டுப் புகைப்படங்களைப் பார்த்து, ஷாட்டுக்கு ஒன்றாகப் பதினாறு கட்டங்கள் வரைந்தேன். மாதா படம், கடிகாரம், அப்பாவின் மீசை உட்பட அந்தச் சுவர் அப்படியே வந்துவிட்டது. வரைபடக்காரனின் வியாதி வேறு: எந்தப் பொருளுக்கும் அம்புக்குறி போட்டு பெயர் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒன்பதாவது கட்டத்தில் 'இறந்த கணவர் படம், செவ்வந்தி மாலை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"அங்கிளே, இத வச்சு வீடே கெட்டி எழுப்பிரலாம்" என்றான் பையன்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று வானம் இருண்டு கிடந்தது. வள்ளங்களெல்லாம் கரையில். கேமராவை எங்கே வைப்பது என்று பார்க்க, நான் யோசிக்காமல் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். கட்டன் சாயாவோடு வந்த அம்மா என்னை வாத்தியார் என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள்.

"சாரே, இது எங்க வீட்டு சொவருல்லா?"

"ஆமா."

மீசையில் விரல் நின்றது. பிறகு அம்புக்குறி வழியே நகர்ந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

'ஸ்கிரிப்ட்ல உள்ளதத்தான் வரைஞ்சேன்' என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கத்தாரில் எந்தச் சுவர் கோணினாலும் 'எஞ்சினியர் சொன்னாரு' என்று தப்பித்தவன் நான். அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள்.

"கதையில அப்படி இல்லக்கா. நான் கிறுக்கன், நானாத்தான் எழுதினேன்" என்றேன் அம்மாவிடம்.

"நீ சாருட்ட அப்பா காரியம் சொல்லலியா மக்கா?" அம்மா மகளிடம் திரும்பினாள்.

"சொன்னேன். அவரு மறந்திருப்பாரு" என்றாள், தலை நிமிராமல்.

அம்மா சாயாவைக் கீழே வைத்தாள். "ஆளு வரல்ல. அவ்வளவுதான் சாரே. செத்தாருன்னு ஆரு கண்டா? வெட்டுங்க."

வெட்டினேன். பேனா ஓடிய வேகத்தில் மாலையோடு பாதி மீசையும் போயிற்று. "படம் எடுத்துக்கிடுங்க. அவரு படம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குள் போனாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு மூவரும் நடந்தோம். கடைசியில் பையன்தான் கேட்டான், "அப்போ புருஷன் செத்தது பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாண்டாம்" என்றாள் அவள்.

என் வண்டி வந்தது. அவள் பையிலிருந்து ஸ்கிரிப்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இது இனி எங்க வீட்டுல இருக்காண்டாம், அங்கிள். நீங்க வச்சுக்கிடுங்க."

ஏதாவது நக்கல் சொல்லிச் சிரிக்கவைக்கத் தோன்றியது. வாங்கி, ஒன்பதாவது கட்டத்தோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.