ஈரத் துண்டு

எங்கள் வீட்டில் அப்பாவின் மூச்சுக்கு அம்மா பொறுப்பு. அம்மா இல்லாத இடங்களில் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தங்கச் சுரங்கத்தில் பதினேழு வருடம் பாறையைத் துளைத்தவர் அப்பா. சுரங்கத்தை மூடியபோது ஒரு சர்ட்டிபிகேட்டும் நிறைய இருமலுமாக வீடு வந்து சேர்ந்தார். நெஞ்சில் கல்தூசி படிந்திருக்கிறது, இனி தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வெளியூர்க்காரர். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சைனைடு மண் எங்கள் ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் அது சோற்றில்கூட விழும்.

அப்பாவுக்குக் கிடைத்த வேலையோ அந்த மேட்டிலேயே. பெங்களூருக்காரர் ஒருவர் மேடேறும் பந்தயத்துக்காக ஒரு பழைய ஜீப்பை வாங்கி, எங்கள் ஊர்ப் பாலகாட்டில் ஷெட் பிடித்திருந்தார். ஸ்பிரிங்கை மாற்றி ஜீப்பை அரையடி உயர்த்தியது, தடித்த டயர் போட்டது, மாட்டிக்கொண்டால் கம்பியைக் கட்டி இழுத்துக்கொள்ள முன்னால் வின்ச் வைத்தது எல்லாம் அப்பாதான். டிரில் மெஷினைப் பிரித்துப் பூட்டிய கைக்கு ஜீப் சீக்கிரம் படிந்துவிட்டது. ஆனால் அவருடைய கவலையெல்லாம் ஏர் ஃபில்டரைப் பற்றித்தான். மடிப்பு மடிப்பான அந்தக் காகித வளையத்தைக் கழற்றி, மெதுவாகத் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"இதான் கண்ணு ஜீப்புக்கு மூக்கு. தூசி உள்ள போச்சுன்னா இன்ஜின அறுத்துடும்" என்பார். சொல்லும்போது அவர் மூக்கின் மேல் அம்மா நனைத்துக் கொடுத்த துண்டு இருக்கும்.

சைனைடு மேட்டில் நடந்த பந்தயத்துக்கு அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். "அப்பா துண்ட அவுத்தாருன்னா வந்து என்கிட்ட சொல்லணும், இன்னா?" என்றாள். நான் பெரிய அதிகாரி மாதிரித் தலையாட்டினேன்.

அதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். சுரங்கத்தில் டிரில் வழியாகத் தண்ணீர் விட்டுத்தான் துளைக்க வேண்டும், தூசியை அடக்கத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் மாட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த ஃபில்டரைப் பக்கெட்டில் முக்கி, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். காலையில் ஜீப்காரர் அவசரப்படுத்தியதில் அப்பா அன்று மட்டும் அதை வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

முதல் ஏற்றத்திலேயே ஜீப் திணறிக் கரும்புகை விட்டு நின்றது. அப்பா திறந்து பார்த்தார். காகிதம் மடிப்போடு மடிப்பாக ஒட்டிக் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்தார். "நான்தான்பா கழுவினேன்" என்று பெருமையாகச் சொன்னேன். நல்லவேளையாக ஜீப்காரர் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தார். "ஏனாய்து?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கத்தினார்.

"நான்தான் சார் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் அப்பா.

வேறு ஃபில்டர் பெங்களூரில் இருந்தது. இன்ஜின் போனால் நாளையிலிருந்து ஷெட் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஜீப்காரர். அப்பா முகத்திலிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்து, காற்று நுழையும் குழாயின் வாயில் வைத்துக் கம்பியால் கட்டினார். வின்ச்சைப் பார்த்துக்கொள்ள ஓட்டுபவர் பக்கத்தில் அவர்தான் உட்கார வேண்டும். கூரையில்லாத ஜீப். அது வெள்ளைப் புழுதிக்குள் போய் மறைந்தது, மறுபடி வந்தது, மறுபடி போனது. கடைசியில் இறங்கியபோது அப்பாவுக்குப் புருவம்கூட வெள்ளையாக இருந்தது. ஜீப்புக்குக் கோப்பை கிடைத்தது. நான் கை வலிக்கத் தட்டினேன்.

வழியில் குழாயடியில் முகம் கழுவி, துண்டையும் அலசி மறுபடி கட்டிக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. ஃபில்டர் விஷயத்த நானும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் அப்பா படுத்துவிட்டார். புழுதியில் இருந்தாரா என்று டாக்டர் கேட்டார். "துண்டு இல்லாம வெளிய போனதே இல்ல டாக்டர், வேணும்னா இவளக் கேளுங்க" என்றாள் அம்மா. நான் ஆமாம் என்றேன். கட்டிலிலிருந்து அப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் என் தப்பை மறைத்தார், நான் அவர் தப்பை மறைத்தேன், ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டும் ஒரே தப்புதான் என்பதும், அது என்னுடையது என்பதும் அந்த வயதில் புரியவில்லை.

அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. துண்டைத் தான்தான் சரியாக நனைக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.